மீனை அப்புறம் வாங்கலாம், முதல்ல செடி வைங்க

இந்த செமஸ்டர்லயும் யாருக்காவது பர்த்டே கிஃப்ட்டா ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல மீனைப் போட்டுக் கொடுக்கிற பிளான் இருக்கா? அப்படின்னா ஒரு பத்து நிமிஷம் இதைப் படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

நாலு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில நான் பார்த்த வரைக்கும் அந்த மாதிரி மீன்களுக்கு ஒரே கதைதான். முதல் நாள் இன்ஸ்டா ஸ்டோரி. ரூம் முழுக்க உட்கார்ந்து பேர் வைப்பாங்க. மூணாவது நாள் தண்ணி கலங்கும். ஒரு வாரத்துல மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல"ன்னு இன்னும் நாலு உருண்டை தீனி போடுவாங்க. பத்தாவது நாள் டாய்லெட்ல ஃப்ளஷ். "மீன்னா அவ்ளோதான் மச்சி, ரெண்டு வாரம் தாங்கினாலே பெரிசு"ன்னு ஒரு இரங்கல் உரையோட மேட்டர் முடிஞ்சிடும்.

ஆனா ஒழுங்கா வளர்த்தா கோல்ட் ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல வாழும். அதாவது நீங்க ஆறாம் வகுப்புல வாங்கின மீன், நீங்க டிகிரி வாங்குற வரைக்கும் இருக்கலாம். ஃபைட்டர் ரெண்டு மூணு வருஷம் இருக்கும். பத்து வருஷம் வாழ வேண்டிய ஒரு உயிர் பத்து நாள்ல போகுதுன்னா அதை விதின்னு சொல்ல முடியாது. அது டிசைன் ஃபெயிலியர். நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, டிசைனைப் பத்திப் பேசுவோம்.

என்னோட கருத்து சிம்பிள்: மீன் தொட்டின்னு ஒண்ணு வைக்கணும்னா முதல் மாசம் அதுல மீனே இருக்கக் கூடாது. தண்ணி, மண், செடி, அவ்வளவுதான். அந்த ஒரு மாசம் பொறுமையா இருக்க முடியாதுன்னா தயவு செஞ்சு மீன் வாங்காதீங்க. கொஞ்சம் ஓவரா தெரியலாம். ஏன் சொல்றேன்னு பாருங்க.

கிண்ணத்துக்குள்ள ஒரு எஸ்டிபி

மீன் தன் கழிவுல பெரும்பங்கை அம்மோனியாவா செவுள் வழியா தண்ணிலயே விடுது. நீங்க போட்டு, அது சாப்பிடாம விட்ட தீனியும் அழுகி அம்மோனியாதான் ஆகும். ஆத்துல, ஏரியில இது கரைஞ்சு போயிடும். மூணு லிட்டர் கிண்ணத்துல எங்க போகும்? மீன் தன்னோட கழிவுலயே மூச்சு விடுது. மேல வந்து வாயைத் திறக்கிறது பெரும்பாலும் பசியில இல்ல, மூச்சு முட்டி. அப்போ இன்னும் தீனி போடுறது எரியிற இடத்துல பெட்ரோல் ஊத்துற மாதிரி.

இதுல ஒரு கெமிஸ்ட்ரி விஷயம் இருக்கு. தண்ணில அம்மோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒண்ணு அம்மோனியம் அயனி, அது அவ்வளவு ஆபத்து இல்ல. இன்னொண்ணு அம்மோனியா வாயு, அதுதான் விஷம். எது எவ்வளவுன்னு முடிவு பண்றது பிஹெச். பிஹெச் 7-ல இருந்து 8-க்குப் போனா விஷமான பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகிடும். பிஹெச் ஒரு லாக் ஸ்கேல்னு ப்ளஸ் டூல படிச்சது இதுக்குத்தான். பக்கெட்ல வெள்ளை வெள்ளையா உப்புப் படியிற போர் தண்ணி நிறைய ஊர்ல 7-க்கு மேலதான் இருக்கும். சோ நம்ம ஊர்ல மார்ஜின் இன்னும் கம்மி.

இதுக்கு இயற்கையில ஒரு தீர்வு இருக்கு. நைட்ரோசோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். நைட்ரோஸ்பைரா மாதிரி அடுத்த குரூப் அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். இந்த ரெண்டு கூட்டமும் தொட்டியில, ஃபில்டர் ஸ்பாஞ்ச்ல, மண்ணுல குடியேறிப் பெருகுறதுக்கு பொதுவா 4 முதல் 6 வாரம் ஆகும். இதைத்தான் தொட்டி வைக்கிறவங்க 'சைக்கிளிங்'னு சொல்றாங்க.

இது எங்கயோ படிச்ச மாதிரி இருக்கா? இருக்கும். என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பருக்கு முந்தின நாள் நைட் மனப்பாடம் பண்ண கழிவுநீர் சுத்திகரிப்புதான் இது. கேம்பஸ் பின்னாடி நாம மூக்கைப் பொத்திக்கிட்டு கடந்து போற எஸ்டிபி-யில காத்து ஊதுற தொட்டி இருக்குமே, அதுலயும் இதே குடும்பத்து பாக்டீரியாதான் வேலை செய்யுது. 13 மார்க்குக்கு படம் போட்டு எழுதத் தெரிஞ்ச நமக்கு, அதே விஷயம் மேஜை மேல கிண்ணத்துல நடந்தா அடையாளம் தெரியல. படிப்பு வேற, ரூம் வேறன்னு பிரிச்சு வெச்சிருக்கோம்.

இந்த ஹாபி ஆரம்பிச்சதே செடியிலதான்

செடி எங்க வருதுன்னா, இங்கதான். நீர்ச் செடிகள் அம்மோனியத்தை நேரடியாவே உரமா உறிஞ்சும். நிறைய செடிகள் நைட்ரேட்டை விட அம்மோனியத்தைத்தான் முதல்ல எடுத்துக்கும். அதாவது பாக்டீரியா கூட்டம் செட்டில் ஆகுறதுக்குள்ளயே ஒரு பேக்கப் சிஸ்டம் ரெடி. பகல்ல ஆக்ஸிஜனும் கொடுக்கும். தலைகீழா கவிழ்த்த புனலுக்குள்ள ஹைட்ரில்லாவை வெச்சு டெஸ்ட் டியூப்ல குமிழ் வர்றதை ஸ்கூல்ல பார்த்திருப்பீங்க. அதே ஹைட்ரில்லாதான்.

இது புது ஐடியாவும் இல்ல. 1850-ல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில ரெண்டு கோல்ட் ஃபிஷ்ஷையும் கொஞ்சம் வாலிஸ்னேரியா செடியையும் போட்டு, தண்ணி மாத்தாம எவ்வளவு நாள் ஓடும்னு பார்த்தார். செடியோட பழைய இலைங்க அழுகித் தண்ணி கெட ஆரம்பிச்சது. உடனே குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். நத்தை அழுகினதைத் தின்னுச்சு, தண்ணி தெளிஞ்சுது. மீன், செடி, நத்தை மூணும் ஒண்ணை ஒண்ணு தாங்கினா தொட்டி நிலைக்கும்னு அவர் அந்த வருஷமே கெமிக்கல் சொசைட்டிக்கு எழுதினார். 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில முதல் பொது மீன்காட்சியகம் திறந்தாங்க. 'அக்வேரியம்'ங்கிற சொல்லை அடுத்த வருஷம் தன் புத்தகத்தோட தலைப்புலயே வெச்சுப் பரப்பினவர் பிலிப் ஹென்றி காஸ்.

சோ செடிங்கிறது அக்வேரியத்துக்கு டெகரேஷன் ஐட்டமா வரல, உயிர் காக்கிற பார்ட்டா வந்தது. நடுவுல எங்கயோ நாம அதைத் தூக்கிட்டு, ரோஸ் கலர் கல்லும் பிளாஸ்டிக் செடியும் வாயைத் திறந்து மூடுற முதலை பொம்மையும் வெச்சுட்டோம்.

"அதுக்கெல்லாம் நிறைய காசு ஆகும் ப்ரோ"

இதுதான் எல்லாரும் சொல்ற முதல் பதில். காரணம் யூடியூப். அங்க வர்ற வீடியோ எல்லாம் ஜப்பானோட தகாஷி அமானோ காட்டின பாதை. அவர் 1982-ல ஆரம்பிச்ச கம்பெனியோட ஸ்டைல்ல கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், ஸ்பெஷல் மண், காஸ்ட்லி லைட்டுனு போகும். அவர் கடைசியா செஞ்ச பெரிய வேலை போர்ச்சுகல்ல லிஸ்பன் காட்சியகத்துல 2015-ல திறந்த 40 மீட்டர் நீளத் தொட்டி. 1,60,000 லிட்டர் தண்ணி! அதைப் பார்த்துட்டு நம்ம மெஸ் பில்லைப் பார்த்தா மனசு ஒடிஞ்சுதான் போகும்.

ஆனா இன்னொரு வழி இருக்கு. அமெரிக்காவோட டயானா வால்ஸ்டாட் 1999-ல ஒரு புத்தகம் போட்டாங்க. அதுல அவங்க சொன்ன முறையோட சாரம் இதுதான்: அடியில சாதாரண மண், மேல கொஞ்சம் சரளைக்கல், நிறைய செடி, கம்மியா மீன். சிலிண்டர் வேண்டாம். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் இதுதான் செட் ஆகும்.

ரெண்டடிக்கு ஒரு அடி, ஒரு அடி உயரம், இதுதான் கடையில ஈஸியா கிடைக்கிற சைஸ். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மண்ணோட சேர்த்து 60 கிலோவைத் தாண்டும். அதனால ஆடுற ஹாஸ்டல் ஸ்டூல் மேல வைக்காதீங்க. ஜன்னலை ஒட்டியும் வேண்டாம், நேர் வெயில் பட்டா பாசி பிடிச்சுப் பச்சைக் குழம்பாகிடும். அடியில உரம் கலக்காத தோட்டத்து மண்ணு ஒரு இன்ச். அதுக்கு மேல நல்லா கழுவின மணலோ பொடிக்கல்லோ ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. தண்ணியை நேரா ஊத்தாம ஒரு தட்டு மேல மெதுவா ஊத்தணும், இல்லைன்னா மண் கிளம்பிடும்.

என்ன செடி வைக்கலாம்? சாகடிக்கக் கஷ்டப்பட வேண்டிய செடிகளா பார்த்து வாங்குங்க.

வாலிஸ்னேரியா: நீளமா ரிப்பன் மாதிரி இலை. நம்ம உப்புத் தண்ணியைப் பார்த்து பயப்படாத செடி. செட்டில் ஆகிட்டா மண்ணுக்கு அடியில கொடி விட்டு தானே பரவும். நீர் வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணம்னு பயாலஜி புக்ல வந்த அதே ஆள்தான்.

ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட்: வேகமா வளர்றது. வேகமா வளர்றதுன்னா வேகமா கழிவை உறிஞ்சும்னு அர்த்தம். முதல் மாசத்துக்கு இதுங்கதான் ஹீரோ. ஹார்ன்வோர்ட்டை நடக்கூட வேண்டாம், மிதக்க விட்டாலே போதும்.

ஜாவா ஃபெர்ன், அனூபியாஸ்: லைட் கம்மியா இருந்தாலும் ஓகே. ஒரே கண்டிஷன், அதோட தடிச்ச தண்டை மண்ணுல புதைக்கக் கூடாது, அழுகிடும். ஒரு கல்லுலயோ கட்டையிலயோ நூல் போட்டுக் கட்டி விடுங்க.

கிரிப்டோகோரைன்: கடையில அதிகமா கிடைக்கிற வென்டியை வகை இலங்கை ஓடைகள்ல மட்டும் இயற்கையா வளர்ற செடி. இடம் மாத்தினா கோவிச்சுக்கிட்டு எல்லா இலையையும் உதிர்க்கும். செத்துப் போச்சுன்னு பிடுங்கிப் போடாதீங்க. வேர் உயிரோட இருக்கும், சில வாரத்துல திரும்பத் துளிர்க்கும்.

சென்னைப் பக்கம்னா கொளத்தூர் போனாலே இதெல்லாம் கிடைக்கும். அலங்கார மீன் வியாபாரத்துக்கே பேர் போன ஏரியா அது. வேற ஊர்னா ஏற்கெனவே தொட்டி வெச்சிருக்கிற யாரையாவது கேளுங்க. இந்தச் செடிகளை வளர்க்கிற எல்லாருக்கும் மாசா மாசம் வெட்டிப் போட வேண்டிய பிரச்சினை இருக்கும். ஃப்ரீயாவே தருவாங்க, கூடவே அரை மணி நேரம் அட்வைஸும் வரும்.

லைட் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். சாதாரண எல்இடி பல்பே ஓகே. நைட்டெல்லாம் எரிய விட்டா செடிக்கு முன்னாடி பாசிதான் வளரும்.

வாரம் ஒரு பக்கெட்

நான் அதிகம் சண்டை போடுற டாபிக் இது. சண்டே ஆனா மொத்தத் தண்ணியையும் கொட்டி, கல்லையெல்லாம் சோப்பு போட்டு தேய்ச்சு, ஃபில்டரை குழாய்ல பீச்சி அடிச்சு, "பார்த்தியா பளபளன்னு"ன்னு வைக்கிறவங்க இருக்காங்க. பாவம், உழைப்பு எல்லாம் உண்மைதான். ஆனா ஒரு மாசமா குடியேறின பாக்டீரியா எல்லாம் அந்தச் சோப்புலயும் குளோரின்லயும் போச்சு. மறுபடி முதல் நாள்ல இருந்து. திங்கட்கிழமை மீன் செத்தா, "நேத்துதானே கிளீன் பண்ணேன்"னு குழம்புவாங்க. நேத்து கிளீன் பண்ணதாலதான் செத்துச்சு.

அப்போ எவ்வளவு மாத்தணும்? கணக்கு போடுவோம். வாரத்துக்கு நைட்ரேட் 10 பிபிஎம் ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. வாரம் 25% தண்ணி மாத்தினா, அது எவ்வளவு வரைக்கும் ஏறி நிக்கும்? நிலைச்ச அளவு எக்ஸ்னா, 0.75 எக்ஸ் கூட்டல் 10 சமம் எக்ஸ். எக்ஸ் 40 வரும். வாரம் 50% மாத்தினா 20-லயே நிக்கும். அதாவது மொத்தமா கொட்டாமலே, கொஞ்சம் கொஞ்சமா மாத்தினாலே அது ஒரு இடத்துல நின்னுடும், மேல மேல ஏறிக்கிட்டே போகாது. செடி நிறைய இருந்தா அந்த 10-ங்கிற நம்பரே குறையும், 25% தாராளமா போதும். 55 லிட்டர்ல 25%னா சுமார் 14 லிட்டர். அவ்வளவுதான், ஒரு பக்கெட். ஒரு டியூபை வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, முந்தின நாளே பக்கெட்ல பிடிச்சு வெச்ச தண்ணியை ஊத்தினா பத்து நிமிஷ வேலை. ஓவர்ஹெட் டேங்க்ல ப்ளீச்சிங் பவுடர் போட்ட அன்னைக்கு மட்டும் அந்தத் தண்ணியைத் தொடாதீங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே ரெண்டு தடவை பிழிஞ்சா போதும். எடுத்த அழுக்குத் தண்ணியை வாசல்ல இருக்கிற வேப்பங்கன்னுக்கு ஊத்துங்க, அதுக்கு அது விருந்து.

மீன் எப்போ? நாலு வாரம் கழிச்சு, டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ காட்டினா. அப்பவும் ஒரேயடியா பத்து மீன் வேண்டாம். நாலு கப்பி விடுங்க, ஆண் மட்டும். ஜோடியா விட்டா மாசத்துக்கு ஒரு தடவை குட்டி போடும், அப்புறம் உங்க ரூம் மீன் பண்ணை. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுக்கு மட்டும் தீனி. ஒரு நாள் போடலைன்னாலும் ஒண்ணும் ஆகாது. நல்லா இருக்கிற வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், செடித் தொட்டியில கொறிக்க ஏதாவது கிடைக்கவும் செய்யும். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ரூம்மேட்கிட்ட "கொஞ்சம் தீனி போட்டுரு"ன்னு சொல்லாதீங்க. அவன் பாசத்துல பாதி டப்பாவைக் கொட்டுவான்.

செடி இருந்தா எல்லாம் சேஃப்னு நான் சொல்லல. நைட்ல செடியும் ஆக்ஸிஜனை எடுத்துக்கும். ஏப்ரல், மே வெயில்ல சூடான தண்ணி ஆக்ஸிஜனைக் கம்மியாத்தான் பிடிச்சு வைக்கும். அதனால கோடையில நைட் முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும்.

"ஃபைட்டர் வயல்லயே வாழும், பாட்டில் போதும்"

இதுவும் அடிக்கடி கேட்கிறது. பாதி உண்மை. ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கத்து சதுப்பு, நெல் வயல் மீன். மேல வந்து காத்தை நேரா சுவாசிக்க அதுக்குத் தனி உறுப்பே இருக்கு. அதனாலதான் கடையில சின்னக் கப்ல அடுக்கி வெச்சாலும் உயிரோட இருக்கு. ஆனா வயல்ல தண்ணியோட ஆழம் கம்மி, பரப்பு ஏக்கர் கணக்கு, சுத்தி முழுக்கச் செடி. நீங்க ஆழத்தை மட்டும் காப்பி அடிச்சிட்டு மத்ததை விட்டுட்டீங்க. காத்தைச் சுவாசிச்சாலும் உடம்பு ஊறுறது அதே அம்மோனியாவுலதான். கடையில ரெண்டு நாள் கப்ல தாங்குறதும் உங்ககிட்ட ரெண்டு வருஷம் வாழ்றதும் ஒண்ணு இல்ல. 15, 20 லிட்டர்ல நாலு செடி வெச்சு ஒரே ஒரு ஃபைட்டர் விட்டுப் பாருங்க. அது இலை மேல படுத்துத் தூங்குறதைப் பார்த்தா அப்புறம் பாட்டில்ல போட மனசு வராது.

ஃபைனல் இயர் மக்களுக்கு மட்டும்

இது உண்மையிலேயே நான் எழுத நினைச்ச விஷயம். இன்னும் கொஞ்ச நாள்ல ரூம் காலி பண்ணுவோம். பெட், பக்கெட், டேபிள் ஃபேன் எல்லாம் ஜூனியருக்கு வித்துடுவோம். தொட்டியை என்ன பண்றதுன்னு தெரியாம, "பாவம், உயிரோட இருக்கட்டும்"னு கேம்பஸ் குளத்துலயோ ஊர் ஏரியிலயோ கொண்டு போய் விடுறது வழக்கம். நல்ல மனசுலதான் செய்றாங்க. ஆனா அது அந்தக் குளத்துக்குச் செய்ற துரோகம்.

நம்ம ஏரிகளை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்காகக் கொண்டு வந்த செடி. 'டேங்க் கிளீனர்'னு கடையில விக்கிற அந்தக் கறுப்பு சக்கர் மீனும் தென் அமெரிக்காதான். விரல் சைஸ்ல வாங்குறது ஒரு அடிக்கு மேல வளரும். தொட்டியில அடங்காம ஆளுங்க கொண்டு போய் விட்டுவிட்டு, இன்னைக்கு தமிழ்நாட்டு ஏரிகள்ல வலையில மாட்டுது. முள்ளு வலையைக் கிழிக்குது, கரையைக் குடையுது, வாங்க ஆள் இல்ல. அந்த வலை கிழிஞ்ச நஷ்டம் நம்ம ஜிபே-ல காட்டாது, அந்த மீனவர் தலையிலதான் விழும்.

2020-ல கேரளாவுல கோழிக்கோடு மாவட்டம் ஆவளப் பாண்டியில வாய்க்கால் முழுக்க ரோஸ் கலர்ல பூத்துக் கிடந்த ஃபோட்டோ வைரல் ஆச்சே, ஞாபகம் இருக்கா? கூட்டம் கூட்டமா போய் செல்ஃபி எடுத்தாங்க. அது கபோம்பா. அமெரிக்கக் கண்டத்துச் செடி, மீன் தொட்டிக்காக உலகம் முழுக்க விக்கிறாங்க. ஒரு துண்டுத் தண்டு போதும், அதுல இருந்து வேர் விட்டு ஒரு வாய்க்காலையே பிடிச்சுக்கும். அழகா இருக்கிறதெல்லாம் அங்க இருக்க வேண்டியது இல்ல.

சோ கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஜூனியர் ஒருத்தரைப் பிடிங்க. தொட்டியை மட்டும் கொடுக்காம, நாலு சண்டே கூட உட்கார வெச்சு அந்த பக்கெட் வேலையைக் கத்துக் கொடுங்க. யாரும் கிடைக்கலைன்னா மீனைக் கடையிலயே திருப்பிக் கொடுங்க. காசு தர மாட்டாங்க, ஆனா நிறைய பேர் வாங்கிப்பாங்க. மிச்சச் செடியை மொட்டை மாடியில நல்லா காய வெச்சு, அப்புறம் குப்பையில போடுங்க. சாக்கடையில விடாதீங்க, அதுவும் கடைசியா ஏரிக்குத்தான் போகும்.

நாலு வருஷத்துல ப்ராஜெக்ட்னு நாம நிறைய செஞ்சிருக்கோம். ரிவ்யூ முடிஞ்ச அடுத்த நாளே பெரும்பாலானது அலமாரிக்குள்ள போயிடுச்சு. ஒழுங்கா செட் பண்ண ஒரு தொட்டி நீங்க போன பிறகும் அந்த ரூம்ல ஓடும். அதுக்கு முதல்ல தேவை ஒரு மாசப் பொறுமை, அப்புறம் வாரம் ஒரு பக்கெட். முதல் வருஷப் பசங்க யாராவது இதைப் படிச்சிட்டு இருந்தா, இந்த சண்டே கடைக்குப் போங்க. மீன் செக்ஷன் பக்கம் திரும்பாதீங்க. ஒரு கட்டு ஹைட்ரில்லா, நாலு வாலிஸ்னேரியா வாங்கிட்டு நேரா ரூமுக்கு வந்துடுங்க.